மேடையில் இல்லாதவர்

ஜூலை 19, ஞாயிறு

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் கேட்டதை வாங்கித் தருகிறேன் என்று தாரிகாவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான்தான். ஒரு கைக்கடிகாரத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மகள் கேட்டது சென்னையில் நடக்கப்போகும் ரிஷிமாறன் கச்சேரிக்கு டிக்கெட். கச்சேரி என்று சொன்னால் தலையில் அடித்துக்கொள்கிறாள். லைவ் கான்சர்ட் என்று சொல்ல வேண்டுமாம். மே மாதத்திலிருந்து முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று சரி என்றுவிட்டேன்.

"திடீர்னு எப்படிம்மா மனசு மாறுச்சு?"

"சும்மாதான். மார்க் எடுத்த புள்ளைக்குச் செய்ய வேண்டாமா?"

மாமாவையும் அழைத்துப் போகிறோம். என் மாமனார் அர்த்தநாரி, அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு அவரைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் எங்கும் தங்குவதில்லை. "நானும் வர்றேன் அம்மணி. மெட்ராசு ரோடெல்லாம் எப்படி இருக்குதுன்னு பாத்துப்போட்டு வரலாம்" என்றார். கோபுரம், கடல், மிருகக்காட்சிசாலை என்று எதைக் காட்டினாலும் அவர் பார்ப்பது அதற்குப் போகிற ரோட்டைத்தான்.

மதியம் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது தாரிகா பக்கத்தில் உட்கார்ந்து ரிஷிமாறனின் சிங்கப்பூர் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வார்த்தையே இல்லாமல் ஓர் ஆண்குரல் பின்னாலிருந்து ஹம்மிங் கொடுக்கிறது. மேலே ஏறும்போது ஓரிடத்தில் லேசாகத் தட்டித் திரும்பவும் எழுகிறது. கிரைண்டரை நிறுத்தினேன்.

"இது யாரு பாடறது?"

"கோரஸ்மா. அதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

இன்னொரு தடவை போடச் சொன்னேன். மாவில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்தான்.

ஜூலை 21, செவ்வாய்

மாமா ஆற்றங்கரைக் கூடுதுறைக்குப் போய் அய்யரைப் பார்த்துவிட்டு வந்தார். ஆடி அமாவாசை அன்று நடத்திவிடலாம் என்று முடிவாகிவிட்டது.

என் கணவர் பரணிதரன் வீட்டை விட்டுப் போய் கடந்த தையோடு பன்னிரண்டு வருடம் முடிந்தது. காணாமல் போனவரைப் பற்றிப் பன்னிரண்டு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால், தர்ப்பையில் ஆள்போல் செய்து, அதற்குத் தீ வைத்து, ஆற்றில் கரைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதன்பிறகு அவர் இறந்தவர். நான் தாலியைக் கழற்றிவிடலாம். சொந்தக்காரர்கள் சில வருடமாகவே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமாதான் பன்னிரண்டும் முடியட்டும் என்றார்.

பரணி மெல்லிசைக் குழுவில் பாடினவர். மைக் பிடித்து முன்னால் நிற்கிறவர் இல்லை. பின்வரிசையில் நின்று ஹம்மிங் கொடுக்கிறவர். திருப்பூரில் நிகழ்ச்சி என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சண்டை ஒன்றும் இல்லை. அதைத்தான் போலீசிலிருந்து பக்கத்து வீடுவரை யாரும் நம்பவில்லை. தாரிகாவுக்கு அப்போது மூன்று வயது. அடையாளம் தெரியாத உடல் என்று பேப்பரில் வந்தால் மாமாவும் நானும் கிளம்பிவிடுவோம். சேலம், கரூர், நாமக்கல். வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டுவார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து டீ குடித்துவிட்டு, பஸ் ஏறுவோம்.

"கனவுல வந்து வாசல்லயே நிக்கறான் அம்மணி. தண்ணி கேக்கறான். உள்ள வாடான்னா வரமாட்டேங்கறான்" என்றார் மாமா. "போன உசுரு அலையக் கூடாது. செய்யறதச் செஞ்சு அனுப்பிப்போடலாம்."

சரிங்க மாமா என்றேன். ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன்.

ஜூலை 23, வியாழன்

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், எங்கள் எக்ஸ்ரே அறையில் கூட்டம். எக்ஸ்ரே எடுக்க வந்த பாட்டுக்கார அம்மாள் ஒருவர், மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றால் சிரித்துச் சிரித்து விட்டுவிட்டார். மூன்றாவது படம்தான் சரியாக வந்தது.

மருந்தகத்தில் இருக்கும் இளங்கோவனிடம் தாரிகாவுக்குப் பிரயாண வாந்திக்கு மாத்திரை வாங்கினேன். சென்னை போவதைச் சொன்னேன். பாட்டு கேட்க நீங்கள் போகிறீர்களா என்று ஆச்சரியப்பட்டார். வீட்டில் நான் ரேடியோகூடப் போடுவதில்லை என்று எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். சித்திரையில் அவர் ஒன்று கேட்டார். ஆடி கழியட்டும் என்று சொல்லியிருந்தேன். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று உறையில் தெளிவாக எழுதிக் கொடுத்தார். நல்ல கையெழுத்து.

ஜூலை 27, திங்கள்

பஸ்ஸில் அந்தப் பாட்டு. பேக்கரியில் அந்தப் பாட்டு. ஸ்கேன் அறையில் படுத்திருந்த ஒருவரின் சட்டைப் பையில் ரிங்டோனாக அதே ஹம்மிங். இத்தனை வருடம் எங்கும் இல்லாதவர் இப்போது எங்கே திரும்பினாலும் நிற்கிறார். குரல் ஒன்றுபோல இருப்பது உலகத்தில் நடக்காததா? இளங்கோவனின் குரல்கூட ஃபோனில் கேட்டால் என் தம்பியுடையதுபோலத்தான் இருக்கும்.

ஜூலை 31, வெள்ளி

புளிசாதம், தயிர்சாதம், முறுக்கு. மாமாவுக்கு மப்ளர். ஆடி மாதத்துச் சென்னையில் மப்ளர் எதற்கு என்றால், ரயிலில் காற்று அடிக்குமாம். ஈரோட்டில் ஏறுகிறோம். தாரிகா பாட்டின் வரிகளையெல்லாம் எனக்குப் பாடம் நடத்துகிறாள், எல்லோரும் சேர்ந்து பாடும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவளுக்கு மானம் போய்விடுமாம்.

மேடையில் கோரஸ் பாடுகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்று மட்டும் கேட்டேன். இடதுபக்க ஓரத்தில் என்றாள். நம் இருக்கையிலிருந்து முகம் தெரியுமா என்றேன். பெரிய திரை இருக்கும், மூக்கில் இருக்கும் மச்சம்கூடத் தெரியும் என்றாள்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு, காலை. வடபழனி லாட்ஜ்

நேற்று எழுதவில்லை. எழுதும் நிலையில் இல்லை. மாமா விடிந்ததும் முருகன் கோவிலுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். தாரிகா தூங்குகிறாள். தொண்டை கட்டிப் போயிருக்கிறது அவளுக்கு.

நிகழ்ச்சி ஆறரைக்கு. நான்கு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் மாமாவோடு கிளம்பினால் டிப்போவில் டூட்டிக்குக் கையெழுத்துப் போடப் போகிற மாதிரிதான். மூன்று மணிக்கு முன்பே கடற்கரைச் சாலையில் அந்தத் திடலின் முன்னால் நின்றோம். வாடகைக் கார் ஓட்டி வந்த பையனுக்கு வழியெல்லாம் பாடம். "ஏந்தம்பி, பிரேக்க மிதிச்சுக்கிட்டே ஓட்டறதுக்கு எதுக்கு வண்டி? நடந்தே போலாமே." அவனும் சிரித்துக்கொண்டே வந்தான், நல்ல பிள்ளை.

வெயில் தாங்காமல் தாரிகா அவள் அப்பாருவை, மாமாவைத்தான், இழுத்துக்கொண்டு எதிரே இருந்த ஜூஸ் கடைக்குப் போனாள். நான் தகரத் தடுப்பு ஓரமாக நின்றேன். ஒரு இடுக்கு வழியாக மேடை தெரிந்தது. ஆளே இல்லை. மைக் ஸ்டாண்டுகள் மட்டும் வரிசையாக நின்றன. இடதுபக்க ஓரத்தில் கோரஸ்காரர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளும் காலி.

அப்போது அவர் பாடினார்.

வாத்தியம் எதுவும் இல்லை. குரல் மட்டும். வீடு உயர ஸ்பீக்கர்களில் அந்த ஹம்மிங் காலித் திடல் முழுக்கப் போய் மோதித் திரும்பி வந்தது. தொடங்குவதற்கு முன்னால் மூச்சு எடுத்தது கேட்டது. பல வருடம் தலையணைக்குப் பக்கத்தில் கேட்ட மூச்சு, அது எனக்குத் தெரியாதா? மேலே ஏறினார், அந்த இடத்தில் தட்டினார், எழுந்தார், முடித்தார். மறுபடியும் முதலிலிருந்து மூச்சு எடுத்தார். மேடையில் ஒருவரும் இல்லை. பட்டப்பகலில், அந்த வெயிலில், சுடுகிற தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேய் என்றால் இருட்டில் வரும் என்று யார் சொன்னது?

தடுப்பை ஒட்டி ஒரு கூடாரம். அதில் ஏகப்பட்ட பட்டன்கள் வைத்த மேசைக்குப் பின்னால் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடுக்கு வழியாகவே கூப்பிட்டேன்.

"மேடையில யாரும் இல்லீங்களே. பாடறது யாருங்க?"

"அது டிராக்குக்கா. ரெகார்டிங்ல பாடுனதையே ஓட விடுவோம். மேடைல நிக்கிற கோரஸ் அதுக்கு மேலயே பாடிடுவாங்க. பாடுன ஆளு வரணும்னு இல்ல."

"பாடுனவர் உயிரோட இருக்காருங்களா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கேட்ட பிறகுதான் கேள்வி எனக்கே உறைத்தது.

"இன்னாக்கா இப்படிக் கேக்கறீங்க. போன வாரம்கூட ஸ்டுடியோல பாத்தேன். பரணி அண்ணன். இங்க வடபழனிக்குப் பக்கத்துல, சாலிகிராமத்துலதான் இருக்காரு. வருவாரு, பாடுவாரு, போயிடுவாரு. மேடைக்குத்தான் எத்தினி தபா கூப்ட்டாலும் வரமாட்டாரு. நீங்க சொந்தமா?"

"இல்லீங்க. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் குரலாட்டம் இருந்துச்சு. அதான் கேட்டேன்" என்றேன்.

இல்லை என்று எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பெயரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை அவன். பிணவறை பிணவறையாகத் தேடினோம், அவன் பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். அவர் என்று எழுதி வந்த கை இப்போது அவன் என்று எழுதுகிறது. எழுதட்டும்.

ஜூஸ் வாங்கி வந்தார்கள். குடித்தேன். உள்ளே போனோம். விளக்கு, புகை, கூச்சல். தாரிகா குதித்தாள், அழுதாள், மறுபடி குதித்தாள். மாமா காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ரிஷிமாறன் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நீங்க பாடுங்க என்று கூட்டத்தின் பக்கம் மைக்கை நீட்டினார். ஆயிரக்கணக்கானவர்கள் ஃபோன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஹம்மிங்கைப் பாடினார்கள். அவன் குரல் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் தட்டும் இடத்தில் கூட்டமும் தட்டியது, பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு. என் மகளும் அதேபோலப் பாடினாள். தன் அப்பாவோடு சேர்ந்து பாடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. என்னைப் பிடித்து உலுக்கி, "பாடும்மா, பாடும்மா" என்றாள். வாயை மட்டும் அசைத்தேன்.

மாமா தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அதற்குப் பிறகு கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்று எழுந்து போனவர் வர நேரமாகிவிட்டது. தேடிப் போனால் அந்தப் பட்டன் மேசைக் கூடாரத்துப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வழி தவறிவிட்டதாம். இத்தனை வருடம் பஸ் ஓட்டியவருக்கு.

இப்போது ஒன்றை எழுத வேண்டும். அந்தக் குரல் அவனுடையதாக இருந்துவிடக் கூடாது, அவன் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் நான் இந்தப் பயணம் வந்தேன். எழுதியதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஆனால் அடிக்கப்போவதில்லை.

மாமாவிடம் சொன்னால் அவர் சந்தோஷத்தில் என்ன ஆவாரோ தெரியாது. அமாவாசைக் காரியம் நின்றுவிடும். நான் திரும்பவும் காத்திருக்கிறவள் ஆவேன், வரமாட்டான் என்று தெரிந்துகொண்டே. சொல்லாவிட்டால், உயிரோடு இருக்கும் மகனுக்கு அப்பா தீ வைப்பார். வைக்கவிட்டு வேடிக்கை பார்த்தவள் நானாக இருப்பேன்.

அதே நாள், ரயிலில்

மாமா வெயில் ஏறிய பிறகுதான் அறைக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோவிலில் அவ்வளவு கூட்டமா என்றேன். ஆமாம் என்றார். நெற்றியில் திருநீறு இல்லை. வியர்வையில் போயிருக்கும்.

தாரிகா ஆசைப்பட்டாளே என்று மெரினாவுக்குப் போனோம். மாமா அலைப்பக்கம் வரவே இல்லை, மணலிலேயே உட்கார்ந்துகொண்டார். மாங்காய், சுண்டல் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு லெவல் கிராசிங்கைக்கூடத் திட்டவில்லை. உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. அலைச்சல்தான்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு என்ன வயசாகுது அம்மணி?" என்றார்.

முப்பத்தொன்பது என்றேன். ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. வயதானால் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்பார்கள்.

ஆகஸ்ட் 3, திங்கள். ஆடிப் பதினெட்டு

கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. ஊரில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் இன்று தாலிக் கயிறு மாற்றுவார்கள். அத்தை இருந்தவரை எனக்கு அவர்தான் மாற்றிவிடுவார். அவர் போன பிறகு மாமா ஆற்றங்கரைக் கடையில் புதுக் கயிறு வாங்கி வந்து சாமி படத்தின் முன்னால் வைப்பார். ஒன்றும் பேசாமல் வைப்பார், நானும் பேசாமல் எடுத்துக்கொள்வேன்.

இன்று காலை அவர் ஆற்றுக்குப் போய் வந்தார். கையில் தேங்காய்ப் பழப் பை மட்டும் இருந்தது. மாமா கயிறு வைத்திருந்தால், மாற்ற வேண்டும்தான் மாமா, உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லியிருப்பேன். சொல்லத்தான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் பையை மேசையில் வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். நான் எலுமிச்சைச் சாதம் கிளறினேன், தேங்காய்ச் சாதம் கிளறினேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

கச்சேரி எப்படி இருந்தது என்று இளங்கோவன் கேட்டார். சத்தம் அதிகம் என்றேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். நேற்றும் இதைத்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 12, புதன். ஆடி அமாவாசை

தாரிகாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம். சொந்தக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரும் நானும் அய்யரும் மட்டும். படித்துறையில் எங்களைப் போல் எத்தனையோ குடும்பங்கள், எள்ளும் தண்ணீருமாக. மழை வரும்போல இருந்தது.

அய்யர் தர்ப்பையை முடிந்து தலை, கை, கால் என்று வைத்தார். ஒரு முழம் இருக்கும். எலும்பு எலும்பாகப் பார்த்துப் பழகினவள் நான், ஆனாலும் அந்தப் புல்லைப் பார்க்க முடியவில்லை. மந்திரம் தொடங்குவதற்கு முன்னால் அவர் நிமிர்ந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். பன்னெண்டு வருஷத்துல எந்தத் தகவலும் இல்லையே? இருக்கறவாளுக்கு இதப் பண்ணக் கூடாது. பண்ணினா அந்தப் பாவம் பண்றவாளைத்தான் சேரும்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மாமா பேசிவிட்டார்.

"எந்தப் பாவமா இருந்தாலும் எனக்கே வரட்டுமுங்க சாமி. இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க நடத்துங்க."

அய்யர் தலையாட்டினார். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

"கடைசியா அவரைப் பார்த்தது யாரு?"

நான்தான். பன்னிரண்டு வருடமாக ஊருக்கே தெரிந்த கதை. மாமா அன்று டூட்டியில் இருந்தார். வாசலில் நின்று பையை எடுத்துக் கொடுத்தவள் நான். போலீசில் எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான். நான்தான் என்று சொல்லப்போனேன்.

"நாந்தானுங்க பாத்தேன்" என்றார் மாமா.

அய்யர் அதற்கு மேல் கேட்கவில்லை. மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாமா என் பக்கம் திரும்பவில்லை. கூடாரத்துப் பக்கம் வழி தவறிப் போனவர், முருகன் கோவிலுக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பியவர், சட்டை நனைந்து, வெறும் நெற்றியோடு திரும்பி வந்தவர், எனக்கு முன்னால் நேராக உட்கார்ந்திருந்தார். அய்யர் கற்பூரத்தை ஏற்றிக் கொடுத்தார். மாமா கை நீட்டி வாங்கினார். அப்போதும் நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தர்ப்பை சடசடவென்று பற்றி நொடியில் முடிந்துவிட்டது.

கழுத்தில் கிடந்ததை நானே கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். மூன்று முழுக்குப் போட வேண்டும். மூன்றாவது முழுக்கில் அவர் எழுந்து வர நேரமானது, நான் இரண்டு படி இறங்கிவிட்டேன். பிறகு எழுந்தார். படியேறி வந்தவரிடம் துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டத் தொடங்கினார். முகம் துண்டுக்குள் இருந்தது.

"நல்லா இருக்காருங்களா மாமா?" என்றேன்.

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"இருக்கறான் அம்மணி" என்றார்.